நூலைக் கடிக்க முடியாமல் போன வருடம்

அம்மாவின் தையல் மிஷின் மேல் கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும். நூலை அறுக்க மட்டும் அவள் அதை எடுத்ததே இல்லை. தலையைச் சாய்த்து முன்பல்லால் ஒரு கடி, நூல் அறுந்துவிடும். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் தைக்கிற பெண்கள் எல்லோருமே அப்படித்தான். பள்ளி விட்டு வந்ததும் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துத் தைப்பது என் வேலை. அவளைப் பார்த்து நானும் நூலைக் கடித்தே அறுத்துப் பழகினேன். எட்டாம் வகுப்பு வரை அதில் ஒரு சிரமமும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில், 2002 தீபாவளிக்கு முந்தைய வாரம், வீடு முழுக்கத் துணி குவிந்து கிடந்த ஒரு ராத்திரியில், நூல் அறுபட மறுத்தது. மறுபடி கடித்தேன். எச்சிலில் நனைந்து நசுங்கியதே தவிர அறுபடவில்லை. நாக்கால் தடவிப் பார்த்தேன். கீழ்ப்பல் வரிசை மேல்பல்லைத் தாண்டி முன்னால் வந்து நின்றிருந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டேன். அவள் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் 1988-இல் இடப்பக்க உதட்டுப் பிளவோடும், வாயின் மேற்கூரையான அண்ணத்தில் பிளவோடும் பிறந்தவன். ஐந்தாம் மாதத்தில் உதட்டைத் தைத்தார்கள். ஒன்றரை வயதில் அண்ணத்தை மூடினார்கள். பத்து வயதில் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து, மேல் ஈறில் இருந்த பிளவை அடைத்தார்கள். கோரைப்பல் இறங்கி வருவதற்கு முன் அதற்கு நிற்க எலும்பு வேண்டும், அதற்காகத்தான் அந்த வயதில் செய்கிறார்கள். வாய் வலித்ததைவிட இடுப்பு வலித்ததுதான் நினைவிருக்கிறது. ஒரு வாரம் நொண்டி நொண்டி நடந்தேன். தையல் பிரித்த அன்று, "எல்லாம் முடிந்துவிட்டது, இனி நன்றாகப் படி" என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா அந்த வாக்கியத்தை ஊரெல்லாம் சொன்னாள். கோயிலில் மொட்டை போட்டுக் காணிக்கை செலுத்திவிட்டு வந்தோம்.

அது முடியவில்லை. பாதி வழி என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு முகம் எப்படி இருக்கும் என்பது பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் தீர்மானமாகிறது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான். இன்று பத்து வயதில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கிற அம்மாக்கள் இருப்பார்கள். அவர்களுக்கு அது இடியாக வந்து விழக்கூடாது.

முகத்தின் எலும்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் வளர்ந்து ஒரே நேரத்தில் நிற்பதில்லை. மேல்தாடை சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் அடங்குகிறது. கீழ்த்தாடை பொறுமைசாலி. பருவ வயதில் கை கால்கள் நீளும்போது அதுவும் சேர்ந்து நீள்கிறது. பெண்களுக்கு ஏறக்குறைய பதினைந்து பதினாறு வயதில் அது ஓய்கிறது, ஆண்களுக்கு பதினெட்டு இருபது வரைகூட இழுக்கிறது. சாதாரணமாக இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. மேல்தாடை ஏற்கெனவே போதுமான அளவு முன்னால் போயிருக்கும், கீழ்த்தாடை வந்து அதற்குக் கீழே பொருந்திக்கொள்ளும். அண்ணத்தை மூடிய பிள்ளைகளில் பலருக்கு மேல்தாடை அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. சின்ன வயதில் பல்லும் பல்லும் விளிம்போடு விளிம்பு முட்டிக்கொண்டு நிற்கும். நூலைக் கடிக்க அதைவிடத் தோதான பல் கிடையாது. பிறகு பருவம் வரும், கீழ்த்தாடை தன் பாட்டுக்கு நடந்து முன்னால் போய்விடும்.

இது தெரியாமல் நாங்கள் செய்த தவறு ஒன்று உண்டு. ஊர்ப் பக்கத்தில் ஒரு பல் மருத்துவர் பார்த்துவிட்டு, கம்பி போட்டு மேல்பல்லை முன்னால் தள்ளிவிடலாம் என்றார். அம்மா இரண்டு வளையலை அடகு வைத்தாள். பதினைந்து மாதம் கம்பி போட்டிருந்தேன். பற்கள் முன்னால் சாய்ந்தன, சில மாதம் எல்லாம் சரியானதுபோல் இருந்தது. அப்புறம் அதே வருடம் நான் மளமளவென்று உயர்ந்தேன். கீழ்த்தாடை மறுபடி முந்திக்கொண்டது. எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும்போது பல்லை மட்டும் நகர்த்துவது, ஓடுகிற பஸ்ஸை நடந்தே பிடிக்கப் பார்ப்பதுபோலத்தான். வளையல் மூழ்கிப்போனது.

பதினாறு வயதில்தான் மதுரையில் ஒரு பல்சீரமைப்பு மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தோம். ஐம்பது வயதுப் பெண்மணி. அவர் என் வாயைப் பார்ப்பதற்கு முன்னால் பழைய எக்ஸ்ரேக்களைக் கேட்டார். அம்மா ஒரு துணிக்கடைப் பையில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தாள். பத்து வயதில் எலும்பு வைப்பதற்கு முன் பக்கவாட்டில் எடுத்தது ஒன்று, பதினான்கில் கம்பி போடும்போது எடுத்தது ஒன்று. அன்றைக்குப் புதிதாக ஒன்று எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது, மூன்றையும் மூன்று மெல்லிய தாள்களில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். பத்து வயது கறுப்பு, பதினான்கு நீலம், பதினாறு சிவப்பு. வெளிச்சப் பெட்டியின் மேல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மண்டையோட்டின் அடிக்கோடு பொருந்தும்வரை நகர்த்தினார்.

என் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. நெற்றிக் கோடுகள் மூன்றும் அடுத்தடுத்து ஓடின. மூக்கு ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்திருந்தது. நாடி, படிக்கட்டு இறங்குவதுபோல, கறுப்பு, நீலம், சிவப்பு என்று கீழேயும் முன்னேயும் போய்க்கொண்டிருந்தது. நடுவில், மூக்குக்கும் மேல்பல்லுக்கும் இடையில் இருக்கிற எலும்பின் கோடு மட்டும் மூன்று நிறமும் குழம்பி ஒரே தடித்த கோடாகக் கிடந்தது. ஆறு வருடத்தில் அது அசையவே இல்லை என்று சொல்லலாம்.

"எல்லோரும் உன் நாடி நீண்டுவிட்டது என்றுதானே சொல்கிறார்கள்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயரே இருந்தது.

"நாடி சரியாகத்தான் இருக்கிறது, தம்பி. உன் அப்பாவுக்கு எப்படியோ அப்படி. மேலே இருப்பதுதான் கூட வரவில்லை."

அம்மா உடனே கேட்டாள்: "அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் இப்படி ஆகியிருக்காதா, அம்மா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் பதினாறு வருடம் இருந்தது. நான் பிறந்தபோது, கிரகணத்தன்று அரிவாள்மனையில் காய் நறுக்கினாள், அதனால்தான் பிள்ளை மூளியாகப் பிறந்தது என்று சொன்னவர்கள் எங்கள் உறவிலேயே இருந்தார்கள். விளிம்பு உடைந்த குடத்துக்குச் சொல்கிற சொல்லைப் பச்சைப் பிள்ளைக்குச் சொன்னார்கள். உண்மையில் உதடு கருவின் ஏழாம் வாரத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும், தான் உண்டாகியிருப்பதே பல பெண்களுக்கு உறுதியாகத் தெரியாத நாட்கள் அவை. மரபணுக்களும் வேறு பல காரணங்களும் கலந்து, உலகில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒன்றுக்கு உதட்டிலோ அண்ணத்திலோ இந்தப் பிளவு நேர்கிறது. கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அந்தப் பழியை அம்மா ஒருவாறு கடந்து வந்திருந்தாள். பதினான்கு வயதில் என் முகம் மாறியபோது அது வேறு வேடத்தில் திரும்பி வந்தது. சரியான டாக்டரிடம் காட்டாமல் விட்டுவிட்டோமோ?

அந்த மருத்துவர் அன்றைக்குச் சொன்ன பதில்தான் இந்த விஷயத்தின் மையம். பிற்பாடு நானே தேடிப் படித்து, அதை இன்னும் தெளிவாகப் புரிந்துகொண்டேன்.

அறுவை சிகிச்சையே செய்யாமல் விட்டால் மேல்தாடை எப்படி வளரும் என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மெக்சிகோவில் ஓர்த்திஸ் மொனாஸ்தேரியோ என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1959-இலேயே அதைப் பற்றி எழுதினார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில், இலங்கையில், லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையைச் சேர்ந்த பல்சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸ் 1980-களின் நடுவிலிருந்து ஒரு பெரிய வேலையைச் செய்தார். சிகிச்சையே கிடைக்காமல் வளர்ந்து ஆளாகிவிட்ட பலர் அப்போது அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்ததோடு, அவர்களுடைய முகங்களையும் அளந்து பதிவு செய்தார்கள். மார்ஸும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த ஹூஸ்டனும் 1990-இல் வெளியிட்ட கட்டுரை, பதின்மூன்று வயதைத் தாண்டிய அப்படிப்பட்ட ஆண்களைப் பற்றியது. உதடும் அண்ணமும் திறந்தே கிடந்தவர்களின் மேல்தாடை, மற்றவர்களைப்போல் முன்னால் வளரும் சக்தியோடுதான் இருந்தது. உதட்டை மட்டும் தைத்தவர்களுக்கும் பெரிய பின்னடைவு இல்லை. குழந்தைப் பருவத்திலேயே அண்ணத்தையும் மூடியவர்களிடம்தான் மேல்தாடை பின்தங்கியிருந்தது.

பிளவு மேல்தாடையின் வளர்ச்சியை அவ்வளவாகத் தடுப்பதில்லை, அதை மூடிய தழும்புதான் தடுக்கிறது. மேல்தாடை பெரும்பாலும் பின்பக்கமும் மேற்பக்கமும் புது எலும்பு சேர்த்துக்கொண்டு, அதனாலேயே முன்னால் நகர்கிற எலும்பு. அண்ணத்தை மூட, இரு ஓரத்துச் சதையைக் கிளப்பி நடுவில் கொண்டுவந்து சேர்க்கும்போது, ஓரங்களில் எலும்பு வெறுமையாகக் கிடக்கும். அந்த இடம் தழும்பாக ஆறும். தழும்பு சுருங்கும், வளராது. வளர்கிற எலும்பைப் பின்னாலிருந்து பிடித்துவைத்திருக்கிற கயிறு அது.

இதைப் படித்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படியானால் என்னை ஏன் தொட்டார்கள்? விட்டிருந்தால் முகமாவது ஒழுங்காக இருந்திருக்குமே?

அதற்குப் பதிலும் அதே இலங்கையிலிருந்துதான் வந்திருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளர் டெபி செல், பமீலா கிரன்வெல் என்பவரோடு சேர்ந்து, வளர்ந்த பிறகு அண்ணத்தை மூடிக்கொண்டவர்களின் பேச்சை ஆராய்ந்தார். அண்ணம் மூடிவிட்டது, பேச்சு பெரிதாகத் திருந்தவில்லை. நாக்கும் தொண்டையும் பழகிய பாதையை விட்டு வர மறுத்தன. ஜெர்மனியில் ஷ்வெக்கெண்டீக் என்ற மருத்துவர் அண்ணத்தின் முன்பகுதியான, எலும்புள்ள வன் அண்ணத்தைப் பதின்பருவம்வரை மூடாமல் தள்ளிப்போட்டுப் பார்த்தார். முகம் நன்றாக வளர்ந்தது, பேச்சு கெட்டது. 2023-இல் ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் 558 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று வெளியானது. அண்ணத்தில் மட்டும் பிளவு உள்ள குழந்தைகள் அவர்கள். ஆறாம் மாதத்தில் மூடியவர்களில் 8.9 சதவீதம் பேருக்கும், பன்னிரண்டாம் மாதத்தில் மூடியவர்களில் 15 சதவீதம் பேருக்கும் ஐந்து வயதில் மூக்கு வழியாகக் காற்று கசிகிற குறை இருந்தது. பேச்சைப் பொறுத்தவரை சீக்கிரம் மூடுவதுதான் நல்லது.

தமிழ் பேசுகிறவனுக்கு இதன் பொருள் சட்டென்று விளங்கும். அண்ணம் மூடாத வாயில் ப என்று சொன்னால் ம என்று வரும். த சொன்னால் ந, ட சொன்னால் ண. வாய்க்குள் காற்றைத் தேக்க முடியாது, மூக்கு வழியே ஓடிவிடும். ஆறாம் வகுப்பில் தமிழையா கரும்பலகையில் க ச ட த ப ற என்று எழுதி, அதன் கீழே ங ஞ ண ந ம ன என்று எழுதியபோது, அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே இருக்கிற சுவர் என் வாய்க்குள் ஒருவர் கையால் கட்டியது என்று எனக்குத் தெரியாது. என் வல்லினம் ஆறும் அந்தத் தழும்பு கொடுத்தவை. அம்மாவை நான் கூப்பிட அது தேவைப்படவில்லை. அப்பாவைக் கூப்பிடத் தேவைப்பட்டது.

ஆகவே மருத்துவர் அம்மாவிடம் சொன்னது இதுதான்: "நீங்கள் ஒன்றையும் தவறவிடவில்லை. பேச்சுக்காகச் செய்த தையலுக்கு முகம் கொஞ்சம் விலை கொடுக்கிறது. அதைப் பிற்பாடு சரிசெய்ய வழி இருக்கிறது. பேச்சைப் பிற்பாடு சரிசெய்வது கஷ்டம்." அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் காரியாபட்டி தாண்டும்வரை தூங்கினாள். பகல் நேரத்தில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

எல்லோருக்கும் இப்படி ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உதட்டில் மட்டும் பிளவு இருந்த பிள்ளைகளுக்குத் தாடை பெரும்பாலும் ஒழுங்காகவே வளர்கிறது. அவர்களுக்குப் பருவ வயதில் மாறுவது மூக்குதான். மூக்குத்தண்டு உயர்ந்து நுனி நீளும்போது, பிளவு இருந்த பக்கத்து நாசி சப்பையாகப் பின்தங்குவது எடுப்பாகத் தெரிய ஆரம்பிக்கும். நடுக் குருத்தெலும்பும் ஒரு பக்கம் கோணி மூச்சை அடைக்கும். உதடும் அண்ணமும் இரண்டும் பிளந்தவர்களிலும் எல்லோருக்கும் தாடை அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. சிலருக்கு எட்டு ஒன்பது வயதில் முகமூடிபோல ஒன்றை மாட்டி ரப்பர் வளையத்தால் மேல்தாடையை முன்னால் இழுப்பார்கள். அது சிலருக்குக் கைகொடுக்கிறது, சிலருக்குப் பருவம் வந்ததும் கைவிட்டுவிடுகிறது.

எனக்கு அந்த வயது தாண்டிவிட்டிருந்தது. "காத்திரு" என்றார். "உன் உயரம் நிற்கட்டும். இப்போது எலும்பை வெட்டி முன்னால் வைத்தால், கீழ்த்தாடை இன்னும் வளர்ந்து இரண்டு வருடத்தில் மறுபடி இங்கேதான் வந்து நிற்பாய்." ஒவ்வொரு ஆறு மாதமும் மதுரைக்குப் போவேன். சுவரில் ஒட்டிய அளவுகோலில் நிறுத்தி உயரம் குறிப்பார். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பார், எலும்பு முனைகள் ஒட்டிக்கொண்டனவா என்று பார்க்க. என் பல்லை அச்செடுத்துச் செய்த வெள்ளைச் சாந்து மாதிரிகள் அவர் அலமாரியில் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் அடியிலும் தேதி.

பதினாறிலிருந்து பத்தொன்பதுவரை அந்தக் காத்திருப்பு. கூடப் படித்தவர்கள் எல்லோரும் அவரவர் முகத்துக்குள் வந்து சேர்ந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. எல்லோருக்கும் மீசை வந்தது, எனக்கும் வந்தது. உதட்டுத் தழும்பின் மேல் மட்டும் முடி முளைக்கவில்லை. தழும்பில் மயிர்க்கால் கிடையாது. கறுத்து வந்த மீசையின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு மேலிருந்து கீழாக இறங்கியது. மீசை வராத வரை தழும்பு மங்கலாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. மழித்தாலும் தெரிந்தது, வளர்த்தாலும் தெரிந்தது. கடைசியில் பக்கத்து முடியை நீளவிட்டு அதன்மேல் படியவிடக் கற்றுக்கொண்டேன். இன்றும் காலையில் அதற்கு இரண்டு நிமிடம் ஆகிறது.

அறுவை சிகிச்சைக்கு ஒன்றரை வருடம் முன்பு மறுபடி கம்பி போட்டார். இந்த முறை பற்கள் எலும்போடு ஒத்து நிற்கும்படி நிமிர்த்தினார். அதனால் கடி இன்னும் மோசமாகத் தெரிந்தது. முன்கூட்டியே எச்சரித்திருந்தார். இருந்தாலும் கல்லூரி அடையாள அட்டைக்குப் படம் எடுத்தபோது தாங்கமுடியவில்லை. இந்தக் கட்டத்தில் பயந்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விடாதீர்கள். மோசமாவது அந்த வேலையின் ஒரு பகுதி.

2007 டிசம்பரில் செய்தார்கள். உதட்டுக்கு உள்பக்கம் ஈறுக்கு மேலே கீறி, பல்வேர்களுக்கு மேலாக மேல்தாடையைக் குறுக்கே அறுத்து, முன்னால் நகர்த்தி, டைட்டானியம் தகடு வைத்துத் திருகாணியால் முடுக்குவார்கள். வெளியே ஒரு கீறலும் தெரியாது. மண்டையோட்டில் அடிபட்டால் எலும்பு எந்தக் கோட்டில் உடையும் என்று 1901-இல் ஆராய்ந்து எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர் பெயரில்தான் அந்த வெட்டு இன்றும் அழைக்கப்படுகிறது. எனக்கு 7 மில்லிமீட்டர். இன்னும் அதிகம் நகர்த்த வேண்டியவர்களுக்கு, வெட்டிவிட்டு ஒரு கருவியைப் பொருத்தி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் மெல்ல இழுப்பார்கள்.

அதற்கு முன்னால் மருத்துவர் ஒரு சின்னக் கண்ணாடியை என் மூக்குக்குக் கீழே பிடித்து "பாப்பா, தாத்தா, பட்டப்பகல்" என்று சொல்லச் சொன்னார். கண்ணாடியில் ஆவி படிந்தால் காற்று மூக்கில் கசிகிறது என்று அர்த்தம். மேல்தாடை முன்னால் போகும்போது, அண்ணத்தின் பின்பகுதியான மெல்லண்ணமும் கூடவே இழுபடும், அதனால் பேச்சு கொஞ்சம் மூக்கால் பேசுவதுபோல் ஆகலாம். பேச்சுக்கு முகம் கொடுத்த விலையை, இப்போது முகத்துக்காகப் பேச்சு திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமோ என்று எனக்குப் பயம். சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதம் கண்ணாடி லேசாக மங்கியது. பிறகு தெளிந்துவிட்டது.

முதல் ஆறு வாரம் மெல்லுகிற எதுவும் கிடையாது. அம்மா கேழ்வரகுக் கூழை அப்பாவின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஏற்றி, கடைவாய் வழியாக விடுவாள். மேலுதடு மரத்துக் கிடந்ததால் கூழ் வழிவதுகூட எனக்குத் தெரியாது. அவள் துடைத்துவிடுவாள். முகம் பூசணிக்காய்போல் வீங்கியிருந்தது. ஐந்தாம் வாரம் வீக்கம் வடிந்தபோது அப்பா என்னைப் பக்கவாட்டில் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். உணர்ச்சி முழுதாகத் திரும்ப எட்டு மாதம் ஆனது. மூக்கை அதற்கு அடுத்த வருடம் சரிசெய்தார்கள். எலும்பை நகர்த்தினால் மூக்கின் அடித்தளமே மாறிவிடும், அதனால் அது எப்போதும் கடைசியில்.

போன மாதம் எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த ஓர் அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பன்னிரண்டு வயது, என்னைப்போலவே இடப்பக்கம். "அண்ணா, இவளுக்கு ஒரு வருடமாகப் பல் மாறிக்கொண்டு போகிறது. நாங்கள் எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டோமா?" என்று கேட்டார். மதுரை மருத்துவர் ஓய்வு பெற்றபோது என்னிடம் கொடுத்த அந்தத் தாள்களை எடுத்து வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். அந்த அம்மா கேள்விமேல் கேள்வி கேட்டார். மகள் கேட்கவில்லை. தாள்களை வாங்கி, அவளே அடிக்கோட்டைப் பொருத்த முயன்றாள், நெற்றி பொருந்தினால் காது விலகியது. மூன்றாவது தடவையில் பொருந்தியது. நடுவில் இருந்த தடித்த கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"எனக்கு இன்னும் எவ்வளவு வளரும், மாமா?"

தெரியாது என்றேன். பல்சீரமைப்பு மருத்துவரிடம் இப்போதே போய், வருடத்துக்கு ஒரு பக்கவாட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். உயரம் எப்போது நிற்கிறது என்று கவனிக்க வேண்டும், தாடை அதற்கும் கொஞ்சம் பிந்தித்தான் நிற்கும், அதுவரை யாரையும் எலும்பில் கைவைக்க அவசரப்படவிடக் கூடாது என்றேன். அவள் எழுந்து போய் எங்கள் கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றுகொண்டாள். என் அம்மா மிஷினிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து வந்து, தலைக்கு நேராக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினாள். சாக்குக்கட்டி அழிந்துவிடும் என்று அந்தப் பெண் பென்சில் கேட்டாள்.